கின்காவின் தலை

கின்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. லோம் நகரத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். சாப்பிடும்போதுகூட ஒரு கால் அடுப்புப் பக்கம் நிற்கும். கையில் எது அகப்பட்டாலும் மடிப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் மேசை விரிப்பை மடிப்பாள். பஸ்ஸில் பக்கத்து ஆள் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளை, அவர் படித்து முடிப்பதற்குள் வாங்கி மடித்துக் கொடுத்துவிடுவாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வயதிலிருந்து பதினெட்டு வருடம் இங்கே சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். அதை மூடிய பிறகு ஐந்து வருடம் அங்கே இங்கே என்று கிடைத்ததைச் செய்தாள். அப்புறம் ஆஸ்திரியா. ஒன்பது வருடம் மலைமேல் ஒரு ஹோட்டலின் சலவை அறையில், நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு. பனிச்சறுக்குக் கூட்டம் வருகிற குளிர்காலத்தில் முந்நூறு என்பது ஐந்நூறு. இடுப்பைத் தொடும் பின்னலை மட்டும் வெட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். மேற்பார்வைக்காரி திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவளுக்கென்று ஒரு பெரிய தொப்பி வாங்கிக் கொடுத்தாள்.

வருடத்தில் ஐந்து வாரம்தான் வீடு. அதுவும் மே மாதத்தில். ஒன்பது வருடமாக அவள் தன் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த அக்டோபரில் ஹோட்டல்காரர் ஹோட்டலை விற்றுவிட்டார். வாங்கியவர் எல்லோரையும் கணக்கு முடித்து அனுப்பினார். வேலை போனவர்களுக்கு அந்த நாட்டில் உதவிப் பணம் உண்டு, ஊருக்குப் போய் இருந்துகொண்டும் கொஞ்ச காலம் வாங்கலாம் என்று யாரோ சொல்ல, கின்கா எல்லாத் தாளையும் நிரப்பினாள். மார்ச் வரை தாங்கும். நினைத்தபோதே அவளுக்கு மூச்சு நிதானமாக வந்தது. ஒரு குளிர்காலம், தன் வீட்டில், தன் கட்டிலில்!

ஒன்றே ஒன்று பாக்கி. நீதான் நீ என்று காட்ட வேண்டும். கைப்பேசியில் வீடியோவில் வருவார்கள், முகத்தையும் அடையாள அட்டையையும் பார்ப்பார்கள், நாலு கேள்வி கேட்பார்கள். மூன்று முறைதான் வாய்ப்பு. மூன்றும் தவறினால் நேரில் அங்கே போய் மேசை முன்னால் நிற்க வேண்டும். அங்கே மேசைக்குக் காத்திருப்பது ஆறு வாரம், போய்வரச் செலவு வேறு.

பணம் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆட்களை இத்தாலிக்குப் பஸ் ஏற்றி அனுப்புகிற அல்பேனா தினமும் போன் செய்துகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பஸ்ல உனக்கு ஒரு சீட் வெச்சிருக்கேன் கின்கா. நீதிபதியா இருந்தவராம், நடக்க முடியாது, ராத்திரி ரெண்டு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். வேற தொந்தரவே இல்ல."

"வியாழக்கிழமை சொல்றேன்."

"வியாழன் ராத்திரி தாண்டினா சீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் புருஷன் ராதொய்க்கு அவள் இங்கே இருப்பது பிடிக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. ஆற்றங்கரைத் தானியக் கிடங்கில் காவல் வேலை பார்க்கிறான். நல்ல மனுஷன், குடிப்பதும் அளவோடுதான். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் உயிர் போய்விடும். எல்லாம் தலையசைப்புத்தான். ஒன்பது வருடம் தனியாக இருந்து பழகிவிட்டான். அவளுடைய இழுப்பறையைத் திறந்தால் தூண்டில் முள்ளும் நரம்பும் கிடந்தன. கட்டிலின் நடுவில் படுத்தே பழகிய உடம்பு, ராத்திரி அவளைச் சுவரோடு நெருக்கியது. அவள் வந்த அன்று ராதொய் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "வந்துட்டியா" என்றான். அவ்வளவுதான். வராதவள் எப்படி வாசலில் நிற்பாள்?

திங்கட்கிழமை முதல் அழைப்பு. சமையலறையில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கைப்பேசியில் சார்ஜ் நிற்காது என்பதால் ராதொய் பக்கத்தில் நின்று சார்ஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தில் ஓர் இளைஞன் வந்தான். கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். பெயர் கேட்டான், பிறந்த நாள் கேட்டான், அட்டையைச் சாய்த்துக் காட்டச் சொன்னான். அவள் பேசிய ஜெர்மன் பாஷை சலவை அறையில் கற்றது, ஆனால் சுத்தம். எல்லாம் சரியாகப் போனது.

"இந்த விண்ணப்பத்தை யாராவது வற்புறுத்தி உங்களைச் செய்ய வைக்கிறாங்களா?"

"இல்லீங்க, இல்லவே இல்லீங்க!" என்றாள் கின்கா. தலையும் கூடவே சொன்னது.

அங்கேதான் வினை. எங்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லை என்றால் மோவாய் மேலே ஒரு வெட்டு வெட்டும். அழுத்தமான இல்லை என்றால் மூன்று நாலு வெட்டு. மேற்கே போனால் இது அப்படியே தலைகீழ். கின்காவுக்கு இது தெரியாதா என்ன? ஒன்பது வருடமாக, பஸ் எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பது போலத் தலையையும் மாற்றிக்கொண்டவள்தான். ஆனால் இப்போது அவள் இருந்தது தன் சமையலறையில். நாக்கு ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டது, தலை லோமிலேயே தங்கிவிட்டது. மூன்று வெட்டு. அதுவும் போதாதென்று அடுப்பில் பால் பொங்க, அதை இறக்கச் சொல்லி ராதொய் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

இளைஞன் முகம் மாறிப் போயிற்று. வாய் இல்லை என்கிறது, தலை ஆமாம் ஆமாம் என்று கெஞ்சுகிறது, கண் பக்கத்தில் நிற்கிற எவனையோ பார்த்து மிரள்கிறது. "புரிஞ்சுக்கிட்டேன். பயப்படாதீங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் ஒரு செய்தி வந்தது. வீட்டில் அடி உதை படும் பெண்கள் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்.

கின்கா அதை வாசித்துச் சொன்னாள். ராதொய் கையில் பால் பாத்திரத்தோடு நின்றான்.

"நானா?" என்றான்.

அன்றைக்கு அவன் பேசியது அந்த ஒரு சொல்தான்.

பக்கத்து வீட்டு லொசானா வேலிக்கு மேலாகக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லொசானா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஊரில் ஒரு சங்கதி அவள் காதைத் தாண்டிப் போகாது. "ராதொய் அண்ணே, உங்களைப் பார்த்தா பூனைக்குட்டிகூடப் பயப்படாதே! ஏண்டி கின்கா, அந்த நம்பருக்குப் போன் போட்டு, பேசாம இருந்தே கொல்றான்னு சொல்லேன்!"

கின்கா சிரிக்கவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய் முழுவதும் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் நிலவறைக்கும் நடந்தாள். நிலவறையில், குளிர்காலத்துக்கென்று ராதொய் உப்பில் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாய் இருந்தது. உப்புத் தண்ணீரைக் கீழே திறந்து பிடித்து மேலே ஊற்ற வேண்டும், மூன்று நாளைக்கு ஒரு தடவை. அவள் ஒரே நாளில் மூன்று தடவை ஊற்றினாள். மீதி நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பழக்கினாள். ஆமாம், மேலும் கீழும். இல்லை, இடமும் வலமும். ராதொய் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை இரண்டாவது அழைப்பு. ராதொயை முற்றத்துக்கு விரட்டிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தலையை முழுசாக மேற்கே அனுப்பிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். படத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். வாயைத் திறந்ததும் நம் பாஷை!

"வணக்கம்மா, நான் மிரெலா. எனக்கும் சொந்த ஊர் உங்க பக்கம்தான், பிளெவென். உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு என்கிட்ட விட்டிருக்காங்க."

ஐயோ, அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக! கின்கா பூரித்துப் போனாள். பூரிப்பில் தலையை மறந்துவிட்டாள். தலையோ, முந்தின நாள் முழுக்கப் பழக்கியதை மறக்கவில்லை.

"சொந்த விருப்பத்துலதான் விண்ணப்பிக்கிறீங்களா?"

"ஆமாம்மா, ஆமாம்!" தலை மேலும் கீழும், நாலு வெட்டு.

மிரெலா எழுதுவதை நிறுத்தினாள். "நீங்க தனியாத்தான் இருக்கீங்களா?"

"தனியாத்தான்." மறுபடியும் வெட்டு.

எங்கள் ஊர்க்காரிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் திங்கட்கிழமைக் குறிப்பு அவள் கண் முன்னால் கிடந்தது. "அம்மா, உங்க வாய் ஒண்ணு சொல்லுது, தலை ஒண்ணு சொல்லுது. ரெண்டாவது தடவை இது. நான் கையெழுத்துப் போட முடியாது, என் வேலை போயிடும்" என்றாள். கின்கா பதறிப்போய் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தலை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வட்டமடித்தது. தொடர்பு போய்விட்டது.

அன்று மாலை சூப்பைக் குடித்துக்கொண்டே ராதொய் கேட்டான்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

கின்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இன்னும் ஒரு அழைப்பு இருக்கிறது, அதற்குள் பஸ் நேரம் கேட்கிறான்! "ஏழு மணிக்கு" என்றாள். ராதொய் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டான். அவள் துவைத்து மடித்த துணி அத்தனையையும் அலமாரியிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி மடித்தாள். அழவில்லை. கோபத்தில் இருக்கிறவள் எங்கே அழுவது?

வியாழன் காலை லொசானா வந்து சேர்ந்தாள். "தலையை இந்தப் பக்கமும் ஆட்டாத, அந்தப் பக்கமும் ஆட்டாத. ஆட்டவே ஆட்டாத. வாயால மட்டும் சொல்லு." அவள் தலையில் ஒரு பீங்கான் தட்டை வைத்துக் கேள்வி கேட்டாள். "பேரு கின்காவா?" தட்டு விழுந்தது. "புருஷன் ராதொயா?" இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு உடைந்ததும் கின்கா தடுத்துவிட்டாள், அவை கல்யாணத்துக்கு வந்த தட்டுகள்.

கடைசியில் யோசனை அவளுக்கே வந்தது. சுவரில் வடிகட்டி மாட்டுகிற ஆணி இருந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்னலை அந்த ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். வடிகட்டியும் அதே ஆணியில் தொங்கியது. தலை அசைந்தால் முடி இழுக்கும்.

"பிசாசு மாதிரி இருக்கடி" என்றாள் லொசானா.

"படத்துல தெரியுதா?"

"முன்னாடியிருந்து பார்த்தா தெரியல."

"அது போதும். வெளிய போ. அந்த மனுஷனையும் முற்றத்துலயே நிறுத்தி வை. உலகமே இடிஞ்சு விழுந்தாலும் உள்ள வரக் கூடாது."

மூன்று மணி. படத்தில் இந்தத் தடவை நரைத்த தலையோடு, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஓர் அம்மாள். பெயர், பிறந்த நாள், அட்டை. யாராவது வற்புறுத்துகிறார்களா? "இல்லை." தலை கல். சொந்த விருப்பமா? "ஆமாம்." கல். கின்காவுக்கு நெற்றி வியர்த்தது, முடி வேர் ஒவ்வொன்றும் வலித்தது.

"ரொம்ப நல்லது. முடிஞ்சுது. இப்போ தலையை மெதுவா இடது பக்கம் திருப்புங்க, அப்புறம் வலது பக்கம்."

முதல் இரண்டு தடவையும் இந்த இடத்துக்கு வரவே இல்லை! இப்படி ஒன்று உண்டென்று யாருக்குத் தெரியும்?

"இடதா?" என்றாள் கின்கா.

"ஆமா, இடது. காது தெரியணும்."

கின்கா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். முடிச்சு பிடித்தது. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பினாள். ஆணி காரையோடு பெயர்ந்து வந்தது. அதில் தொங்கிய வடிகட்டி, அதன் கீழிருந்த வாணலி, வாணலிக்கு அடுத்த மூடிகள் என்று ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. அந்தச் சத்தத்துக்குச் செத்தவன்கூட எழுந்து வருவான். ராதொய் வந்தான். கதவைத் தோளால் இடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, நேராகப் படத்துக்குள்ளேயே வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"என்னாச்சு? விழுந்துட்டியா? எங்க அடிபட்டுச்சு?"

ஒன்பது வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் அதைக் கவனிக்க இதுவா நேரம்?

நரைத்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். குரல் குளிர்ந்திருந்தது. "அந்த ஆள் யாரு? அவர்தான் உங்களை வற்புறுத்துறாரா?"

கின்காவுக்குள் எதுவோ அறுந்தது. இரண்டு அழைப்பு, மூன்று தட்டு, ஒன்பது குளிர்காலம்.

"இந்த மனுஷனா? இவனா வற்புறுத்துறான்?" சலவை அறை ஜெர்மன் பாஷையில் கொட்டித் தீர்த்தாள். "அம்மா, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகுது. உட்காருன்னு ஒரு நாள் சொன்னது கிடையாது. எழுந்திருன்னு சொன்னது கிடையாது. ஒன்பது தடவை பஸ் ஏத்தி விட்டிருக்கான், ஒரு தடவையாவது போகாதேன்னு சொன்னானா? கேளுங்க அவனை! நாளைக்கு இன்னொரு பஸ் நிக்குது. அதுக்கும் மணி கேட்டு வெச்சிருக்கான். இந்தப் பணம் எனக்கு எதுக்கு? ஒரு குளிர்காலம் வீட்டுல இருக்கத்தான். யாராவது என்னை இருன்னு வற்புறுத்த மாட்டாங்களான்னுதான் நான் ஏங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க வேற!"

பின்னலின் நுனியில் ஆணி ஆடிக்கொண்டிருந்தது. ராதொய்க்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. அவள் முகத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

நரைத்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டாள்.

"ஆறு வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்டுட்டிருக்கேன்" என்றாள். "இப்படிப் பதில் சொன்னவங்க யாரும் இல்ல. அவரை வெளிய போகச் சொல்லுங்க, கதவைச் சாத்தச் சொல்லுங்க. மறுபடியும் முதல்லேர்ந்து கேக்குறேன். ஆமாம், இல்லை, அவ்வளவு மட்டும் சொன்னா போதும்."

ராதொய் போனான். கேள்விகள் மறுபடி வந்தன. கின்கா பதில் சொன்னாள். பின்னலை எதுவும் பிடிக்கவில்லை, ஆனாலும் தலை ஆடவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்ட தலைக்கு ஆட என்ன இருக்கிறது? இடது காதைக் காட்டினாள், வலது காதைக் காட்டினாள்.

"சரியாயிடுச்சு. நீங்க நீங்கதான்" என்றாள் அந்த அம்மாள். "அந்த ஆணியை எடுத்துடுங்க, கண்ணுல குத்திடப் போகுது."

பத்து நிமிடத்தில் உறுதிச் செய்தியும் வந்துவிட்டது. முற்றத்தில் லொசானா போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அவள் போன பிறகு ராதொய் உள்ளே வந்து, குனிந்து, மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கின்கா நின்றுகொண்டே இருந்தாள். கையில் துணி எதுவும் இல்லை. அல்பேனாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

"மனுஷா" என்றாள். "பணம் உறுதியாயிடுச்சு. ஆனா நீ சொல்லு. நான் இருக்கணுமா?"

ராதொய் குனிந்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

கின்கா அதையே பார்த்தாள். நான்கு நாளாக இப்படியும் அப்படியும் பழக்கியதில் அவளுக்குத் தலை என்ற தலை மேலேயே நம்பிக்கை போயிருந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று பழகியதை இவனும்தானே பார்த்தான். இது லோம் தலையா, ஆஸ்திரியாத் தலையா? 

"தலையை ஆட்டாத!" என்று கத்தினாள். "வாயைத் திறந்து சொல்லு. எனக்குக் கேக்கணும்!"

ராதொய் வாணலியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான். பேச்சு தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வந்தது.

"மணி கேட்டது… கிடங்குல லீவு சொல்லத்தான். நீ போறதா இருந்தா, எல்லை வரைக்குமாவது கூட வரலாம்னு." வாணலியை மறு கைக்கு மாற்றினான். "எப்பவும் நான் ஒரு சின்ன டப்பாவுலதான் கோஸ் போடுவேன். உனக்கு வேலை போச்சுன்னு போன்ல சொன்ன பாரு, அன்னைக்கே பெரிய பீப்பாயைக் கழுவிட்டேன். அறுபது கிலோ. நான் ஒருத்தனே தின்னா மார்ச் வரைக்கும் தீராது. இரு."

கின்கா அவன் கையிலிருந்த வாணலியை வாங்கி மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள்.